விலகிய காரணம்: யாழ்ப்பாணப் பாடசாலைகளும் வேறு விதமாகக் கற்ற பிள்ளைகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடந்த இருநூறு ஆண்டு வரலாறு பெரும்பாலும் அதன் பள்ளிக்கூடங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1816இல் வந்து சேர்ந்த அமெரிக்க மிஷன், 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் தொடங்கிய உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை, 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை என்று நீளும் அந்த வரிசையில் கற்றவர்கள், கற்பித்தவர்கள், கட்டடத்துக்குக் காணி கொடுத்தவர்கள் ஆகிய அனைவருக்கும் இடம் உண்டு. பள்ளிக்கு வந்து, அங்கே நிலைக்க முடியாமல் திரும்பிப் போன பிள்ளைக்கு மட்டும் அந்த வரிசையில் இடமில்லை.

இன்று ‘நரம்பியல் பன்மை’ என்று குறிக்கப்படும் கருத்து 1990களில் ஓட்டிசம் உள்ளவர்களின் உரிமைக் குரலோடு சேர்ந்து உருவானது. மனித மூளைகள் ஒரே வார்ப்பில் அமைந்தவையல்ல, கற்கும் முறையும் உணரும் முறையும் ஆளுக்கு ஆள் மாறுவது இயல்பே என்பது அதன் சாரம். பிறரோடு உறவாடுவதிலும் ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை ஏற்பதிலும் வேறுபாடு காட்டும் ஓட்டிசம், கவனம் நிலைக்காமையும் மிகைத் துடிப்பும் சேர்ந்த நிலை, எழுத்தைக் கூட்டி வாசிப்பதில் இடறும் டிஸ்லெக்சியா ஆகியவை அதனுள் அடங்கும். அறிவுவளர்ச்சி தாமதிப்பதும் செவிப்புலன் இழப்பும் வேறு வேறானவை. எனினும் யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கு இவை எல்லாவற்றையும் நெடுங்காலம் மூன்று நான்கு சொற்களுக்குள் அடக்கி வைத்திருந்தது. படிப்பு ஏறாதவன் ‘மொக்கன்’, சொன்னதைச் சொன்னபடி செய்யாதவன் ‘பேயன்’, தனக்குள் பேசிச் சிரிப்பவன் ‘விசரன்’, பேசாதவன் ‘ஊமை’. இவற்றுள் பின்னைய மூன்றும் பள்ளிக்கூடம் இல்லாத ஊரிலும் புழங்கக்கூடியவை. ‘மொக்கன்’ மட்டுமே படிப்பை அளவுகோலாகக் கொண்டு நிற்கிறது. பள்ளி பெருகப் பெருக அந்தச் சொல்லுக்கு வேலையும் பெருகியிருக்க வேண்டும்.

மிஷன் பள்ளிகளுக்கு முன்னிருந்த திண்ணைப் பள்ளியில் விசயதசமி நாளில் ஏடு தொடக்கிய பிள்ளை, முதலில் அரிசியிலும் பின்னர் மணலிலும் விரலால் எழுத்தை வரைந்து, வரையும்போதே அதன் ஒலியை உரக்கச் சொல்லிப் பழகியது. கண், காது, விரல், நாக்கு ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் ஓர் எழுத்தின்மேல் குவியும் இம்முறையையே, வாசிப்பில் இடறும் பிள்ளைகளுக்கான இன்றைய பயிற்சிகள் பல்புலன் முறை என்ற பெயரில் கையாளுகின்றன. ஆண்டு முடிவில் ஏறவேண்டிய வகுப்பு என்ற ஒன்று அங்கே இல்லாததால் ஒருவன் அகரத்திலேயே ஆறு மாதம் நின்றாலும் கணக்குக் கெடவில்லை. இதைச் சொல்லும்போதே, அந்தத் திண்ணைக்குப் பெரும்பாலும் உயர்சாதிக் குடும்பத்து ஆண் பிள்ளைகளே வந்தார்கள் என்பதையும், வாத்தியாரின் பிரம்பும் சட்டாம்பிள்ளையின் கையும் எவரையும் விட்டுவைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

படிப்பு ஏறாத பிள்ளைக்கு அக்காலத்தில் தோட்டம் இருந்தது. வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் கிணற்று நீரால் விளைந்தன. துலா மிதித்து நீர் இறைக்கும் அந்த வேலைக்குக் குறைந்தது மூவர் தேவைப்பட்டனர். ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னுமாக நடப்பார், ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைக் கவிழ்த்து வாய்க்காலில் நீரை விடுவார், மூன்றாமவர் ‘தண்ணி மாறுவார்’, அதாவது ஒரு பாத்தி நிறைந்ததும் வரம்பை மண்வெட்டியால் வெட்டி நீரை அடுத்த பாத்திக்குத் திருப்பி, நிறைந்த பாத்தியின் வாயை மண்ணிட்டு அடைப்பார். ஒரே ஒழுங்கில், ஒரே தாளத்தில், அதிகம் பேச வேண்டிய தேவையின்றி விடியற்காலையில் நடக்கும் இவ்வேலை, மாற்றத்தை வெறுத்து ஒழுங்கை நாடும் ஒரு பிள்ளைக்குப் பொருந்தியிருக்கக்கூடும். ஊர் அப்பிள்ளைகளை அன்போடு அணைத்துக்கொண்டது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது பிழை. கூலியில்லாத கையாகப் பயன்படுத்திக்கொண்டது என்பதே கூடுதலாகப் பொருந்தும். ஆயினும் அன்றைய பொருளாதாரத்தில் அப்பிள்ளைக்கு ஒரு பாத்தியாவது இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் துலாவின் இடத்தைப் பிடித்தபோது மூவர் வேலை ஒருவர் வேலையாகச் சுருங்கி, அந்த இடமும் போயிற்று.

திருப்பம் உண்டானது வகுப்பறைக்குள். 1869இல் இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்ததை அடுத்து, பள்ளிகளுக்கு அரசு வழங்கும் நன்கொடை, பெறுபேற்றுக்கு ஏற்பக் கொடுக்கும் முறைக்கு உட்பட்டது. பரிசோதகர் வருவார், பிள்ளைகளை வாசிப்பிலும் எழுத்திலும் எண்ணிலும் சோதிப்பார், தேறிய பிள்ளைகளின் கணக்குப்படி பணம் வரும். மிஷன் பள்ளியாயினும் சைவப் பள்ளியாயினும் இந்த நன்கொடையை நம்பியே நின்றதால், தேறாத பிள்ளை என்பது ஆசிரியரின் சம்பளத்தில் விழும் துண்டாக மாறியது. பிற்காலத்தில் அந்த நன்கொடை முறை நீங்கிய போதிலும், பரீட்சையில் தேறுவோரின் தொகையே பள்ளியின் மானம் என்ற எண்ணம் நீங்கவில்லை. வானம் பார்த்த சிறு நிலங்களைக் கொண்ட, பெரிய ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டில் அரசாங்க உத்தியோகமே உறுதியான விளைச்சல் என்று குடும்பங்கள் கண்டுகொண்டதும், 1945இல் இலவசக் கல்வி வந்து வாசலை அகலத் திறந்ததும், பின்னர் 5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை பத்து வயதிலேயே பிள்ளைகளைத் தரம் பிரிக்கத் தொடங்கியதும் ஒன்றன்மேல் ஒன்றாக அந்த எண்ணத்தை இறுக்கின. வாசல் எல்லோருக்கும் திறந்திருந்தது. உள்ளே இருந்த வாங்கு ஒரே அளவில் செய்யப்பட்டிருந்தது.

தனிப் பள்ளி என்ற ஏற்பாடு முதலில் புலன்களைக் குறித்தே வந்தது. 1912இல் மேரி சாப்மன் என்ற ஆங்கிலேய மிஷனரிப் பெண்மணி கொழும்புக்குத் தெற்கே தொடங்கிய செவிப்புலன், விழிப்புலன் அற்றோர் பாடசாலை பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. தமிழ்ப் பிள்ளைகளுக்கெனக் கைதடியில் 1956இல் நவீல்ட் பாடசாலை எழுந்தது; பிரித்தானிய மோட்டார் உற்பத்தியாளர் நவீல்ட் பிரபுவின் பெயரைத் தாங்கிய அப்பள்ளி இலங்கைத் திருச்சபையின் பொறுப்பில் நடந்தது. சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில், பேச்சையே இழந்திருந்த பிள்ளைகளுக்குத் தமிழ்மொழிப் பள்ளி ஒன்று அமைந்தது தற்செயலே எனினும் நினைவில் நிற்பது. கேளாமை சுட்டிக்காட்டக்கூடிய குறை. காரணம் காதில் இருக்கிறது என்று காட்டலாம், கொடையாளரிடம் விளக்கலாம். காதும் கண்ணும் சரியாக இருந்தும் பேசாத பிள்ளையை எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு அப்போது பதில் இருக்கவில்லை.

பதிலின் ஒரு பாதி யாழ்ப்பாணத்துத் தெருக்களிலேயே இருந்தது என்பதுதான் வேடிக்கை. முன்பள்ளியைக் குறிக்க ஊர் வழக்கில் புழங்கும் ‘மொன்ரிசோரி’ என்ற சொல்லுக்கு மூலமான மரியா மொன்ரிசோரி, தம் வேலையைத் தொடங்கியது உரோம் நகரில் அறிவுவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடத்தே. பிரெஞ்சு மருத்துவர்களான இட்டார், செகுவென் ஆகியோரின் வழியைப் பின்பற்றி, மரத்தில் செய்த எழுத்துகளை விரலால் தடவிப் பழகுவதையும், பொத்தான் பூட்டவும் நாடா முடியவும் பழக்கும் சட்டங்களையும் அவர் அப்பிள்ளைகளுக்காகவே அமைத்தார். 1907இல்தான் அவை ஏனைய பிள்ளைகளின் வகுப்புக்குச் சென்றன. 1939 முதல் சென்னை அடையாற்றில் தங்கிப் பயிற்சியளித்த அவர் 1944இல் இலங்கைக்கும் வந்தார். அவர் முறை முன்பள்ளியாக ஊரெங்கும் பரவியது. எந்தப் பிள்ளைகளுக்காக அது பிறந்ததோ, அவர்கள் அந்த முன்பள்ளியின் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். மணலில் எழுதிய திண்ணைப் பிள்ளையின் விரலும் மர எழுத்தைத் தடவிய உரோமப் பிள்ளையின் விரலும் ஒரே வேலையைச் செய்தன என்று கண்டு இணைத்துப் பார்க்க அன்று ஒருவரும் முன்வந்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்குள் விளக்கங்கள் வேறாக இருந்தன. கிரகம் பிழை, கண்ணூறு, முற்பிறவி வினை என்று காரணம் காணப்பட்டது. பார்வை பார்த்தார்கள், நூல் கட்டினார்கள், செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்கும் மடு மாதா கோயிலுக்கும் நேர்த்தி வைத்தார்கள். எல்லாக் காரணங்களின் முடிவிலும் குற்றவாளியாக நின்றவள் தாய். இதை மூடநம்பிக்கை என்று மட்டும் ஒதுக்க முடியாது. 1943இல் லியோ கானர் ஓட்டிசத்தை விவரித்த பின், சிக்காகோவில் புரூனோ பெத்தல்கெய்ம் தம் 1967ஆம் ஆண்டு நூலில் தாயின் அன்பின்மையே அதற்குக் காரணம் என்று வாதிட்டார். 1977இல் இரட்டையர் ஆய்வொன்று மரபுவழித் தொடர்பைக் காட்டும்வரை மேற்குலக மருத்துவத்திலும் அக்கருத்துக்குச் செல்வாக்கு இருந்தது. சாத்திரியாரும் பேராசிரியரும் ஒரே பெண்ணையே சுட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் அச்சுட்டலோடு சம்பந்தம் பேசுவதும் சேர்ந்துகொண்டது: அக்காளுக்கோ தங்கைக்கோ கல்யாணம் ஒப்பேறும்வரை, பெண் பார்க்க வருபவர்களின் கண்ணில் படாமல் பின்னறையில் வைக்கப்பட்ட பிள்ளைகள் உண்டு.

போர் இவ்வரலாற்றைப் பல இடங்களில் துண்டாடியது. 1990களின் முற்பகுதியில் குடாநாட்டுக்குள் வரத் தடுக்கப்பட்ட பொருள்களுள் மின்கலமும் ஒன்று. வானொலி கேட்க முடியாமை ஏனையோருக்கு ஓர் இடைஞ்சல் என்றால், செவிப்புலன் கருவியோடு பழகிய பிள்ளைக்கு அது வகுப்பறையே மூடப்பட்டதற்குச் சமம். ஒலி கூடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையை எறிகணை விழும் நேரத்தில் இருட்டான பங்கருக்குள் வைத்திருப்பது எத்தகைய காரியம் என்பதை அத்தகைய பிள்ளையை வளர்த்தவரே அறிவர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து கைதடி வழியே தென்மராட்சிக்கு நடந்தபோது, இலட்சக்கணக்கானோர் நெருக்கிய அந்த வீதியில் பிடித்த கையை உதறிவிட்டு ஓடக்கூடிய பிள்ளைகளும் இருந்தார்கள். ஆயினும் போர்க்காலத்தில்தான் மனத்தைப் பற்றிப் பொதுவில் பேச ஒரு மொழி பிறந்தது. உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரோடு உழைத்தவர்களும் ‘மனவடு’ என்ற சொல்லைப் பரவலாக்கினார்கள். சாந்திகம் போன்ற நிலையங்கள் உளவளத்துணையைப் பழக்கமாக்கின. மனநோய் வேறு, மனவடு வேறு, பிறவியிலேயே வேறாக அமைந்த மூளை வேறு என்ற பிரிப்புக்கு அந்தப் பேச்சே அடியெடுத்துக் கொடுத்தது.

போர்நிறுத்தக் காலத்தில், 2004இல், கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலை தொடங்கியது. அறிவுவளர்ச்சி தாமதித்த பிள்ளைகளுக்கென்றே அதைத் தொடங்கியவர் சைவச் சொற்பொழிவாளர் ஆறு. திருமுருகன். இத்தகைய பிள்ளையின் நிலைக்கு ஊழ்வினையைக் காரணம் காட்டிவந்த சமயச் சூழலுக்குள்ளிருந்தே அப்பிள்ளைக்குப் பள்ளியும் எழுந்தது கவனத்துக்குரியது. புலம்பெயர்ந்தோரின் உதவியும் அதற்குத் தோள் கொடுத்தது. இத்தகைய வகுப்பறையில் கற்பிக்கப்படுபவை வெளியாருக்கு அற்பமாகத் தோன்றலாம். பல் தீட்டுதல், முகம் கழுவுதல், சட்டை பூட்டுதல் என்று படங்கள் வரிசையாகச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். பிள்ளை ஒவ்வொன்றையும் தொட்டுக்காட்டிச் செய்து முடிக்க வேண்டும். கடைசிப் பொத்தானை மட்டும் பிள்ளை பூட்ட, மற்றவற்றை ஆசிரியை பூட்டுவதில் தொடங்கி, மாதக்கணக்கில் ஒவ்வொரு பொத்தானாகப் பின்வாங்குவதே அவரது பாடத்திட்டம்.

அரசின் பங்கு சட்டங்களாக வந்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிலையத்தில் சேர்வதற்கு உடற்குறையோ உளக்குறையோ தடையாகக் கூடாது என்றது. 1998 முதல் 5 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்டோருக்குக் கல்வி கட்டாயமாகி, 2016இல் அந்த எல்லை 16 ஆக உயர்ந்தது. கொழும்பை அண்டிய பகுதியொன்றில் ஒன்றரை முதல் இரண்டு வயது வரையான குழந்தைகளிடையே நடந்து 2009இல் வெளியான ஆய்வு, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கணித்தது. அந்த விகிதத்தைக் குடாநாட்டுக்கும் அப்படியே பொருத்த முடியாவிடினும், இது பின்னறையில் ஒளிக்கக்கூடிய தொகையல்ல என்பது தெளிவு. பொதுப் பாடசாலைகளில் அமைந்த விசேட கல்வி அலகு, அதாவது இப்பிள்ளைகளுக்கான தனி வகுப்பறை, பல இடங்களில் பள்ளி வளவின் ஒதுக்கான மூலையில் இருப்பதும், வெவ்வேறு தேவையுள்ள பிள்ளைகள் அந்த ஓர் அறைக்குள் ஒருங்கே இருத்தப்படுவதும் எல்லாவற்றையும் ஒரு சில சொற்களுக்குள் அடக்கிய பழைய வழக்கின் தொடர்ச்சியே. சொற்கள் மட்டும் விரைந்து மாறின: அங்கவீனர் வலது குறைந்தோர் ஆயினர், பின்னர் விசேட தேவையுடையோர் ஆயினர், இப்போது மாற்றாற்றல் கொண்டோர் எனப்படுகின்றனர்.

இவ்வரலாற்றை எழுத முனைபவருக்குப் பள்ளிகளின் நூற்றாண்டு மலர்கள் உதவமாட்டா. அவற்றில் இருப்பவை பெறுபேறுகளும் புகைப்படங்களும். உதவக்கூடியது ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கும் சேர்விடாப்பு, அதாவது பிள்ளை சேர்ந்த நாளும் விலகிய நாளும் பதியப்படும் பெரிய பதிவேடு. அதில் ‘விலகிய காரணம்’ என்றொரு நிரல் உண்டு. முதலாம் வகுப்பில் சேர்ந்து இரண்டு ஆண்டு அதே வகுப்பில் இருந்து பெயர் வெட்டப்பட்ட பிள்ளையைப் பற்றி எழுத்தில் மிஞ்சியிருக்கக்கூடியது அந்த ஒரு வரியே. போரிலும் இடப்பெயர்விலும் தப்பிய இடாப்புகள் இப்போது கறையானுக்கும் பழைய தளபாட அறைகளின் ஈரத்துக்கும் இரையாகின்றன. அவற்றைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிபர்கள், அறை ஒதுக்கும்போது அவற்றை எரிக்கக் கொடுத்துவிடாமல், பெயர்களை மறைத்தேனும் படியெடுக்க நூலக நிறுவனம் போன்ற ஆவணக் காப்பு அமைப்புகளுக்கு அனுமதியளிக்க வேண்டும்.