எண்ணிக்கையில் இருக்கிறவள்

தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதார வரலாற்றை மருத்துவர்களையும் அமைச்சர்களையும் வைத்தே எழுதி வந்திருக்கிறோம். பதிவேடு எழுதிய பெண்களை வைத்து எழுதிப் பார்த்தால், அரசுப் பணம் அவர்கள் கைவழியாகத்தான் வருகிறது என்பது தெரியும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 1987இல் தொடங்கியபோது 300 ரூபாய். 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என உயர்ந்தது. திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊரில் ஒரு கர்ப்பிணிக்கு அது கிடைக்க, கிராம சுகாதாரச் செவிலியர் அவளைப் பதிந்து 'பிக்மி' எண் தர வேண்டும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது கணக்கு. ஓரிடம் காலியானால், பக்கத்து நிலையச் செவிலியர் இரண்டு ஊர்க் கணக்கையும் சுமக்கிறார்.

2018 ஜனவரியில் ஒன்றிய அரசு, முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து சேர்க்கப்பட்டவை விருதுநகரும் ராமநாதபுரமும். நூற்றுக்கு 30 மதிப்பெண் சுகாதாரத்துக்கும் ஊட்டச்சத்துக்கும். முதல் மூன்று மாதங்களுக்குள் கர்ப்பப் பதிவு, மருத்துவமனைப் பிரசவம், குழந்தையின் எடை: எல்லாம் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் எழுதுபவை. அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான முன்னேற்றத் தரவரிசையில் விருதுநகர் முதலிடம் பெற்றது. இப்படி முன்னேறும் மாவட்டங்களுக்குக் கூடுதல் நிதியும் உண்டு. பெருமை மாவட்டத்தின் பெயரில் சேர்ந்தது; எழுதிய பெண்களின் பெயர் எங்கும் இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையங்கள் இந்தியப் பொதுச் சுகாதாரத் தரநிலைக்கு ஏற்ப உள்ளனவா என்பதும் ஒரு அளவுகோல். எத்தனை செவிலியர் வேண்டும் என்று அந்தத் தரநிலை சொல்கிறது. அவர்கள் எந்த நிலையில் வேலை செய்கிறார்கள் என்று கேட்பதில்லை. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி 7,000க்கும் மேற்பட்ட செவிலியரை ஒப்பந்தத்தில் எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் நிரந்தரமாவோம் என்று நம்பியவர்கள், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அமர்ந்து போராடினார்கள். படிவத்தைப் பொறுத்தவரை அந்த இடங்கள் 'நிரப்பப்பட்டவை'. ஊதியத்தைப் பொறுத்தவரை அவர்கள் தற்காலிகமானவர்கள். தலையை எண்ணும் கணக்கு, கூலியைப் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்கள் தம் செவிலியர் எண்ணிக்கையைத் தாமே சொல்லிவந்தன. அதை நம்ப முடியாமல்போய், 2016 ஜூலை முதல் சம்பளப் பட்டியலின் அடிப்படையில் வேலை நேரத்தைத் தரவேண்டும் என்றானது. 2026 நிதியாண்டு முதல் செவிலியர் நேரம் அந்த இல்லங்களுக்கான மெடிகேர் தொகையையும் பாதிக்கிறது. அங்கும் செவிலியரின் கூலி உயர்ந்துவிடும் என்று உறுதியில்லை. ஆனால் ஆள் இருப்பதற்குச் சாட்சி சம்பளப் பதிவு என்பதையாவது ஏற்றிருக்கிறார்கள்.

நம் படிவங்களிலும் மூன்று கட்டங்கள் கூடட்டும்: நிரந்தரமா ஒப்பந்தமா, ஊதியம் எவ்வளவு, எத்தனை பேருக்கு ஒருவர். மாவட்டத்தின் தரவரிசையைப் படிக்கும் மாணவியர் முதலில் கேட்க வேண்டியவையும் இந்த மூன்றுதான்.