மேற்கோள் குறிக்குள் ஒரு பிழை

தம் கையாலேயே சிறு விமானம் கட்டுவோர், பணி முடியும் தறுவாயில் ஒரு வெற்று அலுமினியத் தகட்டின் முன் வந்து நிற்பர். வேகமானி எங்கே, உயரமானி எங்கே என்று காகித வட்டங்களை வெட்டி ஒட்டிப் பார்ப்பர். அமெரிக்காவில் இந்தக் கருவிப் பலகையின் அமைப்பு பெரிதும் கட்டுபவரின் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளது. ஆயினும் அந்தத் தகட்டுக்குப் பின்னே ஒரு நீண்ட வரலாறு உண்டு.

1929 செப்டம்பர் 24 அன்று, நியூயார்க்கை அடுத்த மிட்செல் விமானத்தளத்தில், ஜிம்மி டூலிட்டில் மூடப்பட்ட இருக்கையில் அமர்ந்து, கருவிகளை மட்டுமே நம்பி விமானத்தை ஏற்றி இறக்கிக் காட்டினார். வானத்தைப் படிக்க எழுத்துகள் கிடைத்துவிட்டன. அவற்றுக்கு ஒரு வரிசைதான் கிடைக்கவில்லை. விமானத்துக்கு விமானம் கருவிகள் இடம் மாறின. 1930-களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் வான்படை ஆறு கருவிகளை இரு வரிசைகளாக நிலைப்படுத்தியது. ஸ்பிட்ஃபயரிலும் லங்காஸ்டரிலும் அந்த ஆறும் அதே இடங்களில் இருந்தன.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 விமானிகள் சிலர், தரையிறங்கிய பின் இறக்கை மடிப்பை உள்வாங்குவதற்குப் பதிலாகச் சக்கரங்களை உள்வாங்கினர். இரண்டின் விசைகளும் ஒரே வடிவில் அருகருகே இருந்தன. உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் ஒன்றுக்குச் சக்கர வடிவத்தையும் மற்றொன்றுக்கு ஆப்பு வடிவத்தையும் பொருத்தினார். விரல்களே வேறுபாட்டை உணர்ந்தன.

1947-இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டனர். விசைகளைக் கையாண்டதில் நேர்ந்த 460 தவறுகளை ஒன்றும், கருவிகளைப் படித்ததில் நேர்ந்த 270 தவறுகளை மற்றொன்றும் ஆராய்ந்தன. மூன்று முள் உயரமானியை ஆயிரம் அடி பிசகாகப் படித்தோரும் அவற்றுள் இருந்தனர். மொழியியல் பயின்ற என்னை ஈர்த்தது அவற்றின் தலைப்பு. இரண்டிலும் ‘விமானியின் பிழை’ என்னும் தொடர் மேற்கோள் குறிக்குள் இருக்கிறது. பிழை விமானியுடையதுதானா என்ற ஐயத்தை அச்சிறு குறிகளே எழுப்பிவிடுகின்றன.

பின்னர் அவர்கள் விமானிகளின் கண்ணசைவைப் படம்பிடித்தனர். அடிக்கடி பார்க்கப்படும் கருவி முக்கியமானது. நெடுநேரம் பார்க்கப்படுவது படிக்கக் கடினமானது. கண் மாறி மாறிச் செல்லும் இரண்டும் அடுத்தடுத்து இருக்கவேண்டும். கிட்டத்தட்ட இது ஒரு தொடரியல். நடுவில் செயற்கைத் தொடுவானம், இடப்புறம் வேகம், வலப்புறம் உயரம், கீழே திசை என்னும் ‘டி’ வடிவ அமைப்பு பின்னாளில் பொது வழக்காயிற்று. முள்ளும் வட்டமும் மறைந்து கண்ணாடித் திரை வந்த பின்னரும், வேகம் இடப்புறமும் உயரம் வலப்புறமுமாகவே நிற்கின்றன.

தொழிற்சாலை விமானத்தில் வடிவமைத்தவர் ஒருவர், ஓட்டுபவர் வேறொருவர். பழியை ஒருவர்மேல் ஒருவர் சுமத்த இடமுண்டு. தானே கட்டிய விமானத்தில் இருவரும் ஒருவரே. ஆனால் அவ்விமானம் ஒருநாள் விற்கப்படும். எரிபொருள் விசையையும் விளக்கு விசையையும் ஒரே வடிவில் அருகருகே பதித்தவர் அன்று அதனுள் இருக்கமாட்டார். மேகத்துக்குள் அவற்றைத் தடவித் தேடுபவர், அந்தப் பலகையை முதன்முறையாகப் படிக்கும் ஒருவராக இருப்பார். தகட்டில் துளையிடும் முன் எண்ண வேண்டியது அவரைத்தான்.