பெயர் எழுதினால் போதுமா?

எங்கள் தோட்டப் பள்ளியில் ஏழு வயதுக் குழந்தையைச் சேர்க்க வரும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது பிறப்புப் பத்திரம். அதைப் பார்த்த பின்னரே பதிவேட்டில் பெயர் ஏறும். ஆனால் பிரிட்டனில் ஒரு கம்பெனியின் இயக்குநராகப் பெயர் கொடுப்பவர் தாம் யார் என்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் விதி 2025-ஆம் ஆண்டில்தான் கட்டாயமாயிற்று என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். இத்தனை காலம் அது ஏன் இல்லாமற் போயிற்று? வரலாறு விடை கூறுகிறது.

1720-இல் தென்கடல் கம்பெனியின் பங்குகள் வானளாவ ஏறிச் சரிந்தன. பலர் செல்வம் இழந்தனர். அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டமொன்று, அரசின் அனுமதியின்றிப் பங்குக் கம்பெனி தொடங்குவதைத் தடை செய்தது. அது 1825-இல் நீக்கப்பட்டதும் புதுக் கம்பெனிகள் பெருகின. அவற்றோடு மோசடியும் பெருகிற்று. அதனை ஆராய்ந்த பாராளுமன்றக் குழுவுக்குக் கிளாட்ஸ்டன் தலைமை வகித்தார். அதன் பயனாக 1844-இல் பங்குக் கம்பெனிச் சட்டம் பிறந்தது. கம்பெனிகளுக்கென ஒரு பதிவாளர் அமர்த்தப்பட்டார். நடத்துவோரின் பெயர் வெளிச்சத்தில் இருந்தால் வஞ்சகம் ஒடுங்கும் என்பதே சட்டத்தின் கருத்து.

அதே ஆண்டுகளில் சார்லஸ் டிக்கன்ஸ் 'மார்ட்டின் சஸில்விட்' என்னும் நாவலைப் பகுதி பகுதியாக வெளியிட்டு வந்தார். அதில் மாண்டேகு டிக் என்னும் ஏழை எத்தன் ஒருவன் வருகிறான். அவன் தன் பெயரைத் தலைகீழாக்கி, 'டிக் மாண்டேகு' என்னும் கனவானாகி, ஒரு போலி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தலைவனாகிறான். எழுதிய பெயர் மெய்யான பெயர்தானா என்று பார்ப்பார் இல்லாவிடில், பதிவேடும் எத்தனுக்குத் துணையாகிவிடும் அன்றோ? அந்தக் கதாசிரியர் கண்ட ஓட்டையைச் சட்டம் அடைக்கவில்லை.

1855-இல் பங்குதாரர்களுக்கு ஒரு பெரும் சலுகை கிடைத்தது. கம்பெனி முறிந்தாலும் போட்ட பங்குப் பணத்துக்கு மேல் அவர்கள் இழக்க வேண்டியதில்லை. மறு ஆண்டுச் சட்டப்படி எழுவர் கையெழுத்திட்டாலே கம்பெனி அமைக்கலாம். 1897-இல் சாலமன் வழக்கில், மனைவி மக்கள் அறுவருக்கு ஒவ்வொரு பங்கு தந்து ஏனையவற்றைத் தாமே வைத்திருந்த வணிகரையும் பிரபுக்கள் சபை காத்தது. கம்பெனி வேறு, அதன் சொந்தக்காரர் வேறு என்பது நிலைபெற்ற சட்டமாயிற்று. முதல் உலகப் போர் நடந்த 1917-இல் இயக்குநர்களின் பழைய பெயரும் நாட்டுரிமையும் கேட்கப்பட்டன. ஆயினும் அவர்கள் சொன்னதே எழுதப்பட்டது, எவரும் சரிபார்க்கவில்லை.

இது நமக்குத் தொடர்பற்ற கதையன்று. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்கள் பலவற்றின் கம்பெனிகள் இலண்டனில் பதிவானவை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்ற தொழிலாளியின் பெயர் நாள்தோறும் கூப்பிடப்பட்டது, செக்ரோலில் குறிக்கப்பட்டது. அவர் கண்ட முதலாளியோ துரை மட்டுமே. மேலே இருந்தவர் யார் என்பதை அவர் அறிந்ததில்லை.

அண்மைக் காலத்தில் அந்த ஓட்டை மேலும் அகன்றது. கணினி வழியே 12 பவுன் கட்டணத்தில் கம்பெனி பதிவு செய்யலாம் என்ற நிலை வந்தது. 2013-இல் ஒருவர், அன்றைய வணிக அமைச்சர் வின்ஸ் கேபிளையே அவரறியாமல் இயக்குநராகக் காட்டிக் கம்பெனி பதிவு செய்தார். முறையின் குறையைக் காட்டவே அவ்வாறு செய்ததாக அவர் கூறினார். ஆயினும் 2018-இல் பொய்த் தகவல் தந்த குற்றத்துக்காக அவருக்கே அபராதம் விதிக்கப்பட்டது. 2016 முதல், 25 விழுக்காட்டுக்கு மேல் பங்கோ வாக்கோ உடைய உண்மைச் சொந்தக்காரரின் பெயரையும் தெரிவிக்க வேண்டியிருந்தது. அதுவும் சொன்னால் சொன்னபடிதான்.

2023-இல் இயற்றப்பட்ட பொருளாதாரக் குற்றச் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. ஐயத்துக்குரிய தகவலைக் கேள்வி கேட்கவும் மறுக்கவும் 2024 மார்ச்சில் பதிவாளருக்கு அதிகாரம் வந்தது. 2025 நவம்பர் 18 முதல் புதிய இயக்குநர்கள் தம் அடையாளத்தை மெய்ப்பிப்பது கட்டாயமாயிற்று. பழையவர்கள் படிப்படியாகச் செய்து முடிக்க ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. கடவுச்சீட்டு போன்ற சான்றையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் தனிக் குறியீட்டெண் தரப்படுகிறது. ஒருவர் எத்தனை கம்பெனிகளில் இருந்தாலும் எண் ஒன்றே.

நேர்மையான சிறு கடைக்காரருக்கு இது வீண் தொல்லை என்பார் உளர். பினாமியாக நிற்பவனும் தன் சொந்தக் கடவுச்சீட்டைக் காட்டலாமே என்பாரும் உளர். இரண்டிலும் உண்மை உண்டு. அடையாளம் ஒருவர் யார் என்பதைக் காட்டுமேயன்றி, அவருக்குப் பின்னால் நிற்பவரைக் காட்டாது. ஆயினும் இல்லாத மனிதனின் பெயரையும் பிறர் பெயரையும் திருடி எழுதுவது இனி எளிதன்று. பினாமியும் அகப்பட்டால், விசாரணை தொடங்குவதற்கு மெய்யான ஓர் ஆளாவது கிடைப்பான்.

கடனிலிருந்து காக்கும் கேடயத்தைச் சமுதாயம் 1855-இல் கொடுத்தது. அதற்கு ஈடாகக் கேட்டது நேர்மையான ஒரு பெயரை மட்டுமே. அந்தப் பெயரைச் சரிபார்க்க 170 ஆண்டுகள் ஆயின. குழந்தையிடம் முதல் நாளே கேட்பதைக் கோடீசுவரனிடமும் கேட்பது கொடுமையன்று, நியாயமே.