கிணறும் அங்கீகாரமும்: கொழும்புத்துறையை முன்வைத்து ஒரு நோக்கு

ஓர் ஊரில் புதிய கட்டடங்கள் எழுவதை வளர்ச்சி என்கின்றோம். அவற்றுக்கு வேண்டிய நீரும் வடிகாலும் கழிவகற்றலும் முன்னரே அமைந்துள்ளனவா என்ற வினா எழுப்பப்படுவது அரிது. யாழ்ப்பாண நகரின் கிழக்கே கடல்நீரேரியை ஒட்டி, பூநகரிக்கு எதிர்க்கரையில் அமைந்த கொழும்புத்துறையை முன்வைத்து இவ்வினாவின் வரலாற்றை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

முதலில் நிலத்தை நோக்குவோம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வடகீழ்ப் பருவமழை நீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. நீரேரிக் கரையை அணுகுந்தோறும் அப்படை மெலிகின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழுகின்றது. அதே வெடிப்புகள் மலக்குழியின் கழிவையும் அயற்கிணற்றுக்குக் கொண்டுசெல்ல வல்லவை. ஆகவே இங்கு ஒரு வேலிக்குள் நிகழ்வது அவ்வேலிக்குள் அடங்கி நிற்பதில்லை.

இவ்வுண்மையை முன்னோர் ஒருவாறு அறிந்திருந்தனர் எனலாம். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்த்தெழுதப்பட்டன. கொழும்புத்துறைப் பகுதியில் வழங்கும் நெடுங்குளம் என்ற பெயர், மழைநீர் தங்குவதற்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்த காலத்தை நினைவூட்டுகின்றது. எனினும் அவ்வொழுங்கைப் பொற்காலமாகக் காட்டுதல் பொருந்தாது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கிணறுகள் மறுக்கப்பட்ட வரலாறும் இம்மண்ணினதே. பொது நீர் எல்லார்க்கும் பொதுவாக இருந்ததில்லை.

நகரப் பகுதிகளிற் கட்டடம் எழுப்புவதற்கு உள்ளூராட்சி மன்றின் அங்கீகாரம் வேண்டும் என்பதை 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வலியுறுத்தியது. இயைபுச் சான்றிதழ் பெறாது புதிய கட்டடத்திற் குடியேறலாகாது என்பதும் அச்சட்டத்தின் விதியே. பின்னர் 1946இல் நகர, நாட்டுத் திட்டமிடற் கட்டளைச் சட்டமும், 1978இல் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும், 1980இல் தேசிய சுற்றாடற் சட்டமும் வந்தன. சட்டம் இல்லை என்று எவரும் கூறவியலாது. குறை வேறிடத்தில் உள்ளது. ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தே எடைபோடப்படுகின்றது. ஒரு மலக்குழி விதிக்கமைந்ததாக இருக்கலாம். நூறு மலக்குழிகள் சேர்ந்து ஒரு நீர்ப்படையை என்செய்யும் என்பது ஒரு வீட்டின் வரைபடத்திற் புலப்படுவதன்று.

அங்கீகாரமும் கண்காணிப்பும் தளர்ந்தால் விளைவதைச் சுன்னாகம் காட்டியது. அங்கு இயங்கிய அனல்மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளை மாசுபடுத்திய வழக்கில், உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பளித்து, நிலையத்தை நடத்திய நொதேர்ண் பவர் கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமெனப் பணித்தது. இழப்பீடு கிணற்றுக்காரரைச் சென்றடையலாம். கெட்ட நீர்ப்படையைப் பணம் தூய்மையாக்காது.

குழாய்நீர் வந்துவிட்டாற் சிக்கல் தீரும் என்பாருமுளர். 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு தொடங்கிய திட்டம் இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொணர எண்ணியது. கிளிநொச்சி விவசாயிகள் தம் வயல்களை எண்ணி எதிர்த்தனர். ஈற்றில், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் வழங்கவல்ல கடல்நீர் நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கதே. ஆயின் வீட்டினுள் வரும் நீர் கழிவாக வெளியேறியே தீரும். கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இன்றி நீர்க்குழாய் மட்டும் வருமாயின், நிலத்தடிக்கு இறங்கும் கழிவு கூடுமேயன்றிக் குறையாது. பாதி வசதி சில வேளைகளிற் புதிய சுமையாகின்றது.

பிறநாட்டு அனுபவம் ஒன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. நியூ யோர்க் மாநிலத்தின் றமாப்போ நகரம் 1969இற் கழிவுநீர், வடிகால், வீதி, பூங்கா மற்றும் பாடசாலை, தீயணைப்பு ஆகியவற்றுக்குப் புள்ளிகள் வகுத்தது. மொத்தம் 23இல் 15 புள்ளிகளேனும் பெறாத இடத்திற் புதிய குடியிருப்புத் திட்டத்துக்கு அனுமதியில்லை. அதேவேளை 18 ஆண்டுகளில் அவ்வசதிகளை அமைக்கும் திட்டத்தை நகரமே வகுத்திருந்தது. 1972இல் அம்மாநிலத்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் இவ்விதியை ஏற்றது. எனினும் வசதியற்றோரைப் புறந்தள்ளும் கருவி இது என்ற கண்டனமும் எழுந்தது. அக்கண்டனத்தை நாம் புறக்கணித்தலாகாது.

ஏனெனில் 1995இல் இடம்பெயர்ந்து, ஆண்டுகள் பல கழித்துத் திரும்பியோர் வாழும் மண் இது. “வடிகால் இல்லை, ஆகவே வீடு இல்லை” என்று ஒரு மீனவக் குடும்பத்திடம் கூறுவது நீதியாகாது. வடிகால் அமையாதது அக்குடும்பத்தின் குற்றமன்று. தங்குவிடுதியும் மாடிக்கட்டடமும் எழுப்ப முனைவோர் தம் கழிவைச் சுத்திகரிக்கும் வழியை முன்னரே காட்ட வேண்டும். சிறு குடியிருப்பாளருக்கு அவ்வழியை அமைத்துக் கொடுக்கும் கடன் ஆட்சியைச் சாரும்.

வசதி முன், அங்கீகாரம் பின் என்னும் விதி முதற்கண் ஆட்சியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதே எமது முடிவு. எந்த ஆண்டில் எந்த வீதிக்கு வடிகாலும் கழிவுக் குழாயும் வரும் என்பதை மாநகரசபை எழுத்திலே தரட்டும். கிணற்று நீரின் சோதனை முடிவுகளை ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கட்டும். அவ்வாறன்றி விதியை மக்கள்மீது மட்டும் சுமத்தினால், கிணறு மறுத்த பழைய வரலாறு வேறு வடிவில் மீண்டும் தொடங்கும்.