வண்டிக்குள்ள இருக்கிற ஜப்பான்

எம்பிலிப்பிட்டியவில் ஒரு கராஜ் வாசலில் அரை நாள் உட்கார்ந்திருந்தோம். கூட்டாளி ஒருத்தரோட ஹயர் வண்டி, பழைய டொயோட்டா அக்குவா. பெட்டரியைக் கழற்றி மாட்டியதும் டேஷ்போட்டில் இருந்த நெவிகேஷன் திரை பூட்டிக்கொண்டது. ஜப்பான் எழுத்தில் ஏதோ கேட்டது. பாஸ் எட்டிப் பார்த்துவிட்டு சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "மெப் கார்டைக் கேக்குது தம்பி. கார்டு போட்டாலும் அதுக்கு ஜப்பான் மட்டுந்தான் தெரியும்."

அப்டேட் பண்ண முடியாதா என்று கேட்டோம். முடியும், ஜப்பானில் இருந்து புது கார்டு எடுக்கலாம். அதில் ஜப்பானின் புது ரோடுகள் வரும். பெல்மடுல்லையில் இருந்து கஹவத்த, கொடகவெல வழியாக எம்பிலிப்பிட்டிய வருகிற ஏ18 வீதி எந்தக் கார்டிலும் வராது. இலங்கையில் ஓடுகிற ரீகண்டிஷன் வண்டிகள் பலவற்றின் நிலை இதுதான். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதனால் பழைய திரைகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நிறையப் பேர் அதைக் கழற்றிவிட்டு அண்ட்ரொய்ட் செட் போடுகிறார்கள். எங்கள் கூட்டாளி அதை ரேடியோவுக்கு மட்டும் வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார், காசு இல்லை.

அந்த அரை நாளில்தான் வண்டிக்குள் மெப் வந்த கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

1981-இல் ஹொண்டா, அக்கோர்ட் வண்டியில் ஒரு கருவியை வைத்தது. அதற்குச் செய்மதி ஒன்றும் கிடையாது. வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு தூரம் ஓடியது என்பதை உணர்ந்து, சின்னத் திரையில் ஒரு புள்ளியை நகர்த்தும். திரைக்கு மேலே மெப் அச்சிட்ட கண்ணாடித் தாளைச் செருக வேண்டும். வேறு ஊருக்குப் போனால் வேறு தாள். 1985-இல் அமெரிக்காவில் ஈடாக் என்ற நிறுவனம் மெப்பை கெசட்டில் போட்டு விற்றது. பாட்டுக் கேட்கிற அதே மாதிரிக் கெசட். ஒரு பெரிய நகரத்துக்கே ஒன்று போதாது. 1987-இல் டொயோட்டா கிரவுனில் சீடி வந்தது, 1990-இல் மஸ்தாவின் யூனோஸ் கொஸ்மோவில் ஜீபிஎஸ் வந்தது. பொது மக்களுக்கான ஜீபிஎஸ் குறியில் அமெரிக்க இராணுவம் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது, 2000 மே 2-ஆம் திகதிதான் அதை நிறுத்தினார்கள். இன்றைக்கு போனில் பார்க்கிற நீலப் புள்ளி சரியான ரோட்டிலேயே நிற்பதற்கு அந்த நாள் ஒரு முக்கியக் காரணம்.

இதெல்லாம் கருவியின் கதை. எங்களைப் பிடித்து நிறுத்தியது வேறு. அந்தக் கார்டுக்குள் இருக்கிற ஜப்பானை வரைந்தது யார்?

அங்கே ஸென்ரின் என்று ஒரு நிறுவனம், 1948-இல் பெப்பு என்ற ஊரில் தொடங்கியது. அதன் ஆட்கள் தெருத்தெருவாக நடந்து, வாசலில் தொங்குகிற பெயர்ப் பலகையைப் பார்த்து, வீட்டுக்கு வீடு யார் இருக்கிறார்கள் என்று எழுதி மெப்பில் போட்டார்கள். ஆள் மாறினால் மறுபடி நடந்தார்கள். ஜப்பானிய வண்டி மெப்களுக்கு ஒரு பெரிய அடித்தளம் இந்த நடைதான். செய்மதி மேலே இருந்து கூரையைப் பார்க்கும், கூரைக்குக் கீழே இருக்கிறவர் பேரை யாராவது நடந்து போய்த்தான் கேட்க வேண்டும்.

இப்போது எங்க பக்கம் வருவோம். இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800-இல் தொடங்கியது, வயது 225 தாண்டிவிட்டது. மெப் இல்லாத நாடு இல்லை இது. காணி யாருடையது, எல்லை எங்கே, எத்தனை ஏக்கர் என்பதெல்லாம் தோட்டம் போட்ட காலத்திலேயே அளந்தாயிற்று. எம்பிலிப்பிட்டியவையே பாருங்கள். 1960-களில் உடவளவ அணை கட்டி, நீர்த்தேக்கம் நிறைந்து, வாய்க்கால் வெட்டி, குடியேற்றங்கள் வந்தன. அதற்கு முந்திய மெப்பைப் பிரித்தால் ஆறும் காடும்தான். பிறகு வந்த தாள்களில் குளம் நீலமாக வந்துவிட்டது, வாய்க்கால் வந்துவிட்டது. அரசாங்கத்துக்கு வேண்டியது அப்டேட் ஆகும்.

ரக்குவானை, கஹவத்த, பெல்மடுல்லை பக்கத்துத் தோட்டங்களில் ஸ்டோரும் துரை பங்களாவும் மெப்பில் இருக்கும். லயம் இருந்தால் சின்னக் கறுப்புப் பெட்டி. வாசல் இலக்கத்தோடு தனி முகவரி இல்லாத குடும்பங்கள்தான் இன்றைக்கும் அதிகம். கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வரும். இன்டர்வியூ கடிதம் திகதி முடிந்த பிறகு கையில் கிடைத்தவர் எங்கள் குழுவிலேயே இரண்டு பேர்.

இது கடிதத்தோடு முடிகிற விசயமும் இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்த தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. முதல் நாட்களில் காணாமல் போனவர்கள் நூற்றுக்கணக்கில் என்றார்கள், பிறகு எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. எந்தக் காம்பராவில் யார் இருந்தார்கள், அன்றைக்கு யார் வேலைக்குப் போயிருந்தார்கள், யார் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள் என்று உயிரோடு இருந்தவர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் கணக்கு எடுக்க வேண்டியிருந்தது. 2016 மே மாத மழையில் எங்கள் சப்ரகமுவவிலேயே, கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்தது.

போன மாதம் நாங்கள் ஓபன்ஸ்ட்ரீட்மெப்பில் இறங்கினோம். யாரும் திருத்தக்கூடிய மெப், 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. மட்டக்களப்பு மண்முனை வடக்கில் 2013-இல் கட்டடம் கட்டடமாக அதில் ஏற்றியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தைரியம் வந்தது. ரக்குவானைப் பக்கம் எங்கள் ஒருவரின் தோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போனோம்.

முதல் பிரச்சினையே பேர்தான். ஆபீசில் அந்த லயத்துக்கு ஒரு நம்பர். ஆட்கள் சொல்வது "பலாமரத்து லயம்". பலாமரம் விழுந்து எத்தனையோ வருசமாயிற்றாம். நம்பரைப் போட்டால் அம்புலன்ஸ்காரன் ஆபீசில் கேட்டு வந்துவிடுவான் என்றார் ஒரு அண்ணன். ராத்திரியில ஆபீஸ் பூட்டியிருக்குமே, அப்ப யாரைக் கேப்பான் என்றது ஒரு தங்கச்சி. அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் இரண்டையும் போட்டோம். எங்கள் கூட்டாளியின் அப்பாயி போனைக் கையில் வாங்கி, விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"மாரியம்மன் கோயிலக் காணோமே. அதை மொதல்ல போடுங்க."

போட்டோம். ஏழு லயம் இன்னும் பாக்கி, மழை விட்டதும் போக வேண்டும்.