விறகுக்கு வந்த மரம், வலிக்கு வடிந்த தைலம்

ஊட்டிக்குப் போய்த் திரும்பும் குடும்பத்தின் பையில் வர்க்கியும் சாக்லேட்டும் இருக்கும். கூடவே ஒரு தைல பாட்டிலும் இருக்கும். சளிக்கு ஆவி பிடிக்க, முட்டி வலிக்குத் தேய்க்க, கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு முகர என்று தமிழ்நாட்டு வீடுகளில் நீலகிரித் தைலத்துக்கு வேலை ஓய்வதே இல்லை. மலையின் பெயரே அதற்கு அமைந்துவிட்டதால், காலங்காலமாக அங்கே இருந்த மூலிகை என்றுதான் பலரும் நம்புகிறார்கள். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன் நீலகிரியில் அந்த மரம் கிடையாது. மருந்துக்காக அது வரவும் இல்லை. வெள்ளைக்காரர் வீட்டுக் கணப்பு எரிய விறகு தேவைப்பட்டது. அதற்காக வந்த மரம் அது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறினார். சில ஆண்டுகளில் அவருடைய கல் பங்களா எழுந்தது. பின்னாலேயே பட்டாள அதிகாரிகளும் ஓய்வுக்கு வரும் குடும்பங்களும் வந்து சேர, உதகமண்டலம் ஊராயிற்று. அந்தக் குளிரில் ஒவ்வொரு வீட்டிலும் கணப்பு எரிந்தாக வேண்டும். கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது சோலைக்காடு. சோலை மரம் வளர ஒரு தலைமுறை போதாது, வெட்ட ஒரு பகல் போதும். ஊரைச் சுற்றிச் சோலைகள் குறையத் தொடங்கிய பிறகுதான் வேகமாக வளரும் அயல் மரங்களைத் தேடினார்கள். மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் காட்டன் 1843-ல் டாஸ்மேனியாவின் புளூகம் மரத்தை, அதாவது யூகலிப்டஸ் குளோபுலஸை, இங்கே நட்டார். 1863-ல் ஆரம்பி என்ற யூகலிப்டஸ் தோட்டம் தொடங்கியது; அதன்பின் பெரிய அளவிலேயே பயிரிட்டார்கள். வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும் மரம் அது. விறகுக்கு அதைவிடத் தோதானது கிடைக்காது. மலைக்காரர்கள் அதைக் கற்பூர மரம் என்று அழைத்தார்கள். தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகள் பலவும் அதன் நிழலுக்குள் போயின.

இலையில் எண்ணெய் இருப்பது ஆஸ்திரேலியாவில் அதற்கு வெகு முன்பே தெரியும். 1788-ல் சிட்னியில் வந்திறங்கிய முதல் கப்பல் கூட்டத்தின் மருத்துவர்கள் ஒருவகை யூகலிப்டஸ் இலையைக் காய்ச்சி எண்ணெய் எடுத்து, வயிற்று வலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதைத் தொழிலாக்கியவர் மெல்பர்னில் மருந்துக்கடை வைத்திருந்த ஜோசப் போசிஸ்டோ; ஆண்டு 1852. 1870-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஒருவர் அந்த எண்ணெயின் முக்கியப் பொருளை ஆராய்ந்து யூகலிப்டால் என்று பெயரிட்டார். சினியோல் என்பதும் அதுதான்.

கெட்ட காற்றால்தான் காய்ச்சல் வருகிறது என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. புளூகம் வாசம் மலேரியாவை விரட்டும் என்று அல்ஜீரியாவிலும் ரோமைச் சுற்றியும் நட்டுத் தள்ளினார்கள். 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்ததும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. காரமான வாசம் உள்ளே போனால் நோய் வெளியே போகும் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது தமிழ்நாட்டில் பொது இடங்களில் ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் முளைத்தன. அவற்றைச் செய்ய வேண்டாம் என்று சுகாதார அமைச்சரே எச்சரிக்க வேண்டியிருந்தது.

நீலகிரியில் தைலம் காய்ச்சுவது குடிசைத் தொழிலாக வேரூன்றியது. ஓடைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, அதற்குள் பெரிய உலோகக் கலன். அவ்வளவுதான் முதலீடு. உதிர்ந்த இலையையும் பச்சைத் தழையையும் மூட்டை கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். கலனின் அடியில் தண்ணீர். அதற்கு மேல் இலையைத் திணித்து, மிதித்து இறுக்கி, ஆவி கசியாமல் மூடியின் விளிம்பை அடைத்துவிடுவார்கள். அடுப்பில் எரிவது முந்தைய முறை காய்ச்சிய இலையின் சக்கை. கிளம்பும் ஆவி குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீரைக் கடந்து, மறுமுனையில் தண்ணீரும் எண்ணெயுமாகச் சொட்டும். எண்ணெய் மேலே மிதக்கும், மொண்டு எடுத்துக்கொள்ளலாம். நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோ எண்ணெய் கிடைத்தால் நல்ல விளைச்சல். அந்தக் கணக்கில் 100 மில்லி பாட்டிலுக்குள் ஏறத்தாழ பத்துக் கிலோ இலையின் சாரம் இருக்கிறது. இலை தந்தது என்பதற்காக இதை இலையைப் போலக் கையாளக் கூடாது.

மலைக்கே சொந்தமான இன்னொரு தைலமும் உண்டு. காலத்தீரியா என்ற புதர்ச்செடி நீலகிரியின் உயரமான பகுதிகளில் தானாக வளர்வது. அதன் இலையைக் கசக்கினால் அயோடெக்ஸ் வாடை அடிக்கும். விண்டர்கிரீன் தைலம் என்று ஊட்டிக் கடைகளில் விற்பது இதைத்தான். காய்ச்சும் முன் இலையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். அப்போதுதான் மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள் இலையில் பிரிந்து உண்டாகும். யூகலிப்டஸ் எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்றால், இது அடியில் போய்த் தங்கும்.

கொயினா மருந்து தரும் சின்கோனா பட்டையை ஆராய்வதற்காக மதராஸ் அரசு நியமித்த வேதியியலாளர் ஜான் பிராட்டன், 1860-களின் இறுதியில் இந்தச் செடியின் எண்ணெயையும் ஆராய்ந்தார். அறுவை சிகிச்சையில் கிருமியைக் கொல்லக் கார்பாலிக் அமிலம் பயன்படும் என்று அறுவை மருத்துவர் லிஸ்டர் 1867-ல் உலகுக்குச் சொல்லியிருந்த நேரம். அந்த அமிலத்தை இந்தத் தைலத்திலிருந்தே தயாரிக்க முடியும் என்று பிராட்டன் செய்து காட்டினார். நிலக்கரித் தாரிலிருந்து எடுப்பது மலிவாக இருந்ததால் திட்டம் மேலே நகரவில்லை. இன்று தொழிற்சாலைகளில் நடப்பது நேர் எதிர்த்திசை: அதே கார்பாலிக் அமிலத்தில் தொடங்கி மெத்தில் சாலிசிலேட்டைச் செய்கிறார்கள்.

இந்தச் சரக்குகளை டப்பாவுக்குள் கொண்டுவந்தவர்கள் வணிகர்கள். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். 1914-ல் நிறுவனம் மதராசுக்கு வந்தது. சிங்கப்பூரில் 1928-ல் பிறந்த கோடாலி தைலம், கப்பலில் போய் வந்த தமிழர்களின் பெட்டிகளில் ஊர் ஊராக நுழைந்தது. கற்பூரம், மெந்தால், யூகலிப்டஸ், மெத்தில் சாலிசிலேட் என்ற நாலைந்து சரக்குகளை வெவ்வேறு அளவில் சேர்த்தவைதான் இந்த வகை மருந்துகளில் பெரும்பாலானவை.

இவை தசைவலிக்கு என்ன செய்கின்றன? தோலில் இருக்கும் சூடு, குளிர் உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகின்றன. அந்த உணர்வில் வலி மட்டுப்பட்டதாகத் தெரிகிறது. தேய்க்கும் கையின் அழுத்தமும் இதமாக இருக்கும். நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவருக்கு அந்த ஆறுதல் சிறியதல்ல. ஆனால் வலியின் காரணத்தை எந்தத் தைலமும் எடுத்துவிடாது.

ஆபத்து அளவில் இருக்கிறது. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி விண்டர்கிரீன் தைலத்தில் இருக்கும் சாலிசிலேட், இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். குழந்தையின் உயிருக்கு அதுவே எமன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் சாப்பிடுபவர் இந்தத் தைலத்தைத் தினமும் தேய்த்தால், தோல் வழியாகவே உள்ளே போய் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். யூகலிப்டஸ் எண்ணெயை விழுங்கிய குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. முகர்வதாலும் வலிப்பு வரக்கூடும் என்று பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் 2017-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் இந்த வாசத்திலிருந்தே விலகி இருப்பது நல்லது.

பாட்டி வைத்தியமாகப் பார்த்துப் பழகிய பொருள் என்பதால், இதை மருந்து என்று எண்ணி அளக்கும் பழக்கம் நம்மிடம் வரவே இல்லை. அது வர வேண்டும். தசைக்குத் தேய்ப்பதென்றால் 100 மில்லி தேங்காய் எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ 2 அல்லது 3 மில்லி தைலம் போதும். முதல்முறை முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். புண், கீறல், கண் பக்கம் கொண்டுபோகக் கூடாது. தேய்த்த இடத்தில் ஒத்தடமோ இறுக்கக் கட்டோ வேண்டாம். சூடு பட்டால் தோல் கூடுதலாக உறிஞ்சும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூக்கிலும் நெஞ்சிலும் தடவும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். ஆஸ்துமாக்காரர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடுவதே சரி. பாட்டில் அடுப்பங்கரையில் இருக்கக் கூடாது. எளிதில் தீப்பற்றும் சரக்கு இது.

மலையில் இந்தத் தொழில் இப்போது சுருங்கிவருகிறது. சீனத்திலிருந்து மலிவான எண்ணெய் வந்து குவிகிறது. ஊட்டிக்கு அருகே கிளன்மார்கனில் மத்திய மண், நீர்வள ஆய்வு மையம் நடத்திய ஆய்வில், புல்வெளியில் புளூகம் நட்ட பத்தாண்டுகளில் ஓடைநீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது தெரிந்தது. காடுகளில் அயல் மரங்களை அகற்றச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. அரசு 2022-ல் அதற்கெனக் கொள்கையே வெளியிட்டது. சோலையும் புல்வெளியும் திரும்ப வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. அடுப்பு அணைந்த குடும்பங்களுக்கு வேறு பிழைப்பு காட்டுவதும் அரசின் பொறுப்புதான்.

வாங்குபவர்கள் இனி நீலகிரி என்ற பெயரை மட்டும் நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். லேபிளில் இந்திய மருந்தியல் தரத்தைக் குறிக்கும் ஐ.பி. என்ற எழுத்துகள், உற்பத்தி உரிம எண், தயாரித்த தேதி ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். குழந்தை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.