ஈஆர்பி மென்பொருள் தேர்வும் வழங்குநர் போக்குகளும்

நிறுவன வளத் திட்டமிடல் மென்பொருள் என்பது ஒரு நிறுவனத்தின் கணக்கு, கொள்முதல், இருப்பு, உற்பத்தி, விற்பனை, சம்பளம் ஆகிய வேலைகளை ஒரே தரவுத்தளத்தின் மீது நடத்தும் மென்பொருள் தொகுப்பு. தொழில் வட்டாரத்தில் இதை ஈஆர்பி என்றே சொல்வார்கள். கிடங்கில் சரக்கு வந்து இறங்கியதைப் பதிந்தால், இருப்பு கூடுவதும் அதற்குத் தர வேண்டிய தொகை கணக்கில் ஏறுவதும் அந்த ஒரே பதிவில் நடந்துவிடும். இந்த இணைப்பே ஈஆர்பியின் பலம். ஒருமுறை நுழைந்த நிறுவனம் எளிதில் வெளியேற முடியாமல் போவதற்கும் இதுவே காரணம். ஆகவே ஈஆர்பி தேர்வு என்பது வசதிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதோடு முடிவதில்லை. பல ஆண்டுகள் உடன் வரப்போகும் வழங்குநர் எந்தத் திசையில் போகிறார் என்பதைக் கணிப்பதும் அதில் அடங்கும்.

வரலாறு

இதன் வேர் தொழிற்சாலையில் இருக்கிறது. ஒரு பொருளைச் செய்ய எந்த உதிரிப்பாகம், எவ்வளவு, எப்போது வேண்டும் என்பதைக் கணினியில் கணக்கிடும் மூலப்பொருள் தேவைத் திட்டமிடல் முறை 1960களில் உருவானது. அதை வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜோசப் ஆர்லிக்கி. இம்முறை பற்றிய அவருடைய நூல் 1975-ல் வெளிவந்தது. 1980களில் ஆலிவர் வைட் இதனுடன் ஆலையின் உற்பத்தித் திறனையும் நிதியையும் சேர்த்து விரிவாக்கினார். ஈஆர்பி என்ற பெயரை 1990-ல் கார்ட்னர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் வழக்குக்குக் கொண்டுவந்தது.

1972-ல் ஐபிஎம்மிலிருந்து விலகிய ஐந்து பேர் ஜெர்மனியில் எஸ்ஏபி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெருங்கணினிக்கென அவர்கள் எழுதிய ஆர்/2 தொகுப்பை அடுத்து, 1992-ல் சேவையகமும் மேசைக் கணினிகளும் பகிர்ந்து இயங்கும் ஆர்/3 வந்தது. 2000-ஆம் ஆண்டுத் தேதிச் சிக்கல் பற்றிய அச்சம், பழைய நிரல்களைத் திருத்துவதைவிடப் புது ஈஆர்பி வாங்குவதே மேல் என்ற எண்ணத்தைப் பல நிறுவனங்களிடம் உண்டாக்கியது. 1990களின் பிற்பகுதியில் இத்துறை வேகமாக வளர்ந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்து வந்தது கைமாற்றங்களின் காலம். ஜே.டி. எட்வர்ட்ஸ் என்ற ஈஆர்பி வழங்குநரை 2003-ல் அதே துறையின் பீப்பிள்சாஃப்ட் வாங்கியது. பீப்பிள்சாஃப்டை, அதன் நிர்வாகத்தின் எதிர்ப்பையும் அமெரிக்க நீதித்துறை தொடுத்த வழக்கையும் கடந்து, 2005 ஜனவரியில் ஆரக்கிள் சுமார் 1,030 கோடி டாலருக்கு வாங்கியது. பீப்பிள்சாஃப்டை நிறுவிய டேவ் டஃபீல்ட் அதே ஆண்டில் அனீல் புஸ்ரியுடன் சேர்ந்து வொர்க்டே என்ற புது நிறுவனத்தைத் தொடங்கினார். நெதர்லாந்தின் பான் நிறுவனம் 2000-ல் இன்வென்சிஸிடமும், 2003-ல் எஸ்எஸ்ஏ குளோபலிடமும், 2006-ல் இன்ஃபோரிடமும் கைமாறியது. மைக்ரோசாஃப்ட் 2001-ல் கிரேட் பிளைன்ஸையும் 2002-ல் டென்மார்க்கின் நேவிஷனையும் வாங்கி, பின்னாளில் டைனமிக்ஸ் என்ற பெயரில் விற்றது. மென்பொருளை வாங்கிய நிறுவனம் அதை மாற்றாமலே, அந்த மென்பொருளின் உரிமையாளர் இரண்டு மூன்று முறை மாறிவிடலாம் என்பதை இந்த ஆண்டுகள் காட்டின.

தேர்வு நடைமுறை

முறையான தேர்வு, தேவையை எழுதுவதில் தொடங்குகிறது. கணக்கு, கிடங்கு, உற்பத்தி, விற்பனைப் பிரிவுகளில் அன்றாடம் வேலை செய்பவர்களைக் கேட்டு, இப்போது வேலை எப்படி நடக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று பதிவுசெய்வார்கள். எந்தத் தேவை கட்டாயம், எது இருந்தால் நல்லது என்று பிரிப்பதும் இக்கட்டத்திலேயே நடக்க வேண்டும். பொதுவான நடைமுறையில் ஒரு நிறுவனம் மற்றதிலிருந்து பெரிதும் வேறுபடுவதில்லை. பேரேடு எல்லா ஈஆர்பியிலும் இருக்கிறது. தேர்வைத் தீர்மானிப்பவை அந்தத் தொழிலுக்கே உரிய விதிவிலக்குகள். மருந்து ஆலைக்குத் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும், ஆடை ஏற்றுமதியாளருக்கு அளவும் நிறமும் சேர்ந்த இருப்புக் கணக்கும், ஒப்பந்தக்காரருக்குத் திட்டவாரிச் செலவும் அப்படிப்பட்டவை.

பிறகு வழங்குநர்களிடம் தகவல் கேட்டு நீண்ட பட்டியலைச் சுருக்கி, மூன்று நான்கு பேரிடம் மட்டும் விரிவான முன்மொழிவு கோருவது வழக்கம். டெமோவை வழங்குநர் விருப்பத்துக்கு விடாமல், வாங்குபவரே காட்சிகளை எழுதிக் கொடுப்பது நல்ல நடைமுறை. பாதிச் சரக்கு திரும்பி வந்தால் விலைப்பட்டியல் எப்படித் திருத்தப்படும், ஒரே பொருளை இரு கிடங்குகளில் இரு விலையில் வைத்திருந்தால் மதிப்பு எப்படிக் கணக்கிடப்படும் என்பன போன்ற கேள்விகளுக்குத் தயாரித்து வைத்த டெமோ பதில் சொல்லாது. ஒவ்வொரு தேவைக்கும் மென்பொருள் அப்படியே பொருந்துகிறதா, அமைப்புகளை மாற்றினால் பொருந்துமா, புதிதாக நிரல் எழுத வேண்டுமா என்று குறித்துவைப்பதும் இக்கட்டத்தின் வேலை. மூன்றாவது வகை கூடினால் செலவும் கூடும். பின்னாளில் புதிய பதிப்புக்கு மாறுவதும் கடினமாகும்.

மென்பொருளை விற்பவரும் அதை நிறுவித் தருபவரும் பெரும்பாலும் வேறு வேறு நிறுவனங்கள். எனவே நிறுவுநரைத் தேர்வது தனி வேலை. அவர் அனுப்பப்போகும் ஆட்கள் யார், அதே துறையில் முன்பு செய்த வேலை எது என்பதை அவருடைய பழைய வாடிக்கையாளர்களிடம் நேரில் விசாரிப்பது வழக்கம்.

செலவும் ஒப்பந்தமும்

பழைய முறையில் நிரந்தர உரிமத்தை ஒருமுறை வாங்கி, ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். ஆரக்கிள், எஸ்ஏபி போன்ற பெரிய வழங்குநர்களிடம் அக்கட்டணம் உரிம விலையில் 22 சதவீத அளவில் இருக்கிறது. வழங்குநரின் சேவையகத்தில் இயங்கும் மென்பொருளை இணையம் வழியாகப் பயன்படுத்தும் மேகக் கணிமையில் ஆளுக்கு இவ்வளவு என்ற சந்தா உரிம விலையின் இடத்தைப் பிடித்துள்ளது. இரண்டையும் ஒப்பிட முதலாண்டு விலை போதாது. உரிமம், நிறுவுதல், பழைய தரவை மாற்றுதல், பயிற்சி, பிற மென்பொருள்களுடன் இணைப்பு, புதுப்பிப்பு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து, குறைந்தது 5 முதல் 10 ஆண்டுகளுக்கான மொத்த உடைமைச் செலவைக் கணக்கிட வேண்டும்.

ஒப்பந்தத்தின் சொற்கள் விலையை எப்படி மாற்றும் என்பதற்கு டியாஜியோ வழக்கு உதாரணம். இந்த மதுபான நிறுவனத்தின் வாடிக்கையாளர்களும் விற்பனையாளர்களும் சேல்ஸ்ஃபோர்ஸ் தளத்தில் செய்த செயலிகள் வழியாக எஸ்ஏபி தரவைத் தொட்டார்கள். அதற்கும் உரிமம் வேண்டும் என்று எஸ்ஏபி 5.4 கோடி பவுண்டுக்கு மேல் கேட்டது. 2017-ல் இங்கிலாந்து உயர்நீதிமன்றம், கட்டணம் உண்டு என்ற அடிப்படையில் எஸ்ஏபி பக்கம் தீர்ப்பளித்தது. அதன்பின் மறைமுகப் பயன்பாட்டுக்கான விதி, சந்தா புதுப்பிக்கும்போது விலை உயர்வின் வரம்பு, விலகும்போது தரவைத் திரும்பப் பெறும் வடிவம் ஆகியவை பேரத்தின் முக்கிய அம்சங்களாயின.

மதிப்பீட்டு நிறுவனங்கள்

1979-ல் கிடியான் கார்ட்னர் தொடங்கிய கார்ட்னர் நிறுவனத்தின் மேஜிக் குவாட்ரண்ட் வரைபடம் இத்துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது. அது செயல்படுத்தும் திறன், தொலைநோக்கின் முழுமை என்ற இரு அச்சுகளில் வழங்குநர்களை நான்கு கட்டங்களில் நிறுத்துகிறது. ஃபாரஸ்டர் நிறுவனத்தின் வேவ் அறிக்கையும் ஐடிசியின் சந்தை ஆய்வுகளும் இதே பணியைச் செய்கின்றன. வழங்குநர்களும் இந்த ஆய்வு நிறுவனங்களின் கட்டண வாடிக்கையாளர்கள் என்பதால் அறிக்கைகளின் நடுநிலை குறித்து விமர்சனம் உண்டு. தன்னைத் தாழ்த்தி மதிப்பிட்டதாக இஸட்எல் டெக்னாலஜீஸ் என்ற மென்பொருள் நிறுவனம் 2009-ல் கார்ட்னர் மீது தொடுத்த வழக்கை, தரவரிசை என்பது கருத்து மட்டுமே என்று கூறி அமெரிக்க நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீண்ட பட்டியலை உருவாக்க இவ்வரைபடங்கள் உதவும். இறுதி முடிவை அவற்றிடம் விடக் கூடாது.

வழங்குநர் போக்குகளைக் கவனித்தல்

வழங்குநரின் திசையை விளம்பரத்தைவிட நான்கு சான்றுகள் தெளிவாகக் காட்டுகின்றன. பராமரிப்பு முடியும் தேதி அறிவிப்பு, விலைமுறை மாற்றம், ஆண்டறிக்கையில் மேகச் சந்தா வருவாயின் பங்கு, பயனர் சங்கங்களின் அறிக்கை ஆகியவையே அவை.

2015-ல் எஸ்/4 ஹானா என்ற புதிய ஈஆர்பி தொகுப்பை வெளியிட்ட எஸ்ஏபி, பழைய தொகுப்பான ஈசிசிக்கான முதன்மைப் பராமரிப்பு 2027 இறுதிவரை மட்டுமே என்று 2020 பிப்ரவரியில் அறிவித்தது. கூடுதல் கட்டணம் செலுத்துவோருக்கு அது 2030 வரை நீளும். 2023-ல் செயற்கை நுண்ணறிவு போன்ற புதுமைகள் மேகத்துக்கு மாறியவர்களுக்கே கிடைக்கும் என்று எஸ்ஏபி சொன்னபோது, சொந்தச் சேவையகத்துக்கென எஸ்/4 ஹானா வாங்கியிருந்தவர்களின் சார்பில் ஜெர்மன் பயனர் சங்கமான டிஎஸ்ஏஜி வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தது. ஈஆர்பிக்கு வெளியேயும் இதே பாடம் உண்டு. 2023 நவம்பரில் மெய்நிகர் கணினி மென்பொருள் நிறுவனமான விஎம்வேரை வாங்கி முடித்த பிராட்காம், அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தியது.

திறமூல ஈஆர்பியும் வளர்ந்திருக்கிறது. பெல்ஜியத்தில் தொடங்கிய ஓடூவும், மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய ஈஆர்பிநெக்ஸ்டும் இவற்றில் அறியப்பட்டவை. மூல நிரல் கையில் இருப்பதால் வழங்குநர் கைவிடுவார் என்ற அச்சம் குறைகிறது. ஆனால் அந்த நிரலைப் பராமரிக்க ஆள் வேண்டும்.

தோல்விகள்

அமெரிக்க மிட்டாய் நிறுவனமான ஹெர்ஷி, 48 மாதத் திட்டத்தை 30 மாதங்களாகச் சுருக்கி, 11.2 கோடி டாலர் செலவில் எஸ்ஏபி, சீபெல், மேனுஜிஸ்டிக்ஸ் ஆகிய மூன்று வழங்குநர்களின் மென்பொருள்களையும் 1999 ஜூலையில் ஒருசேர இயக்கியது. ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் குவியும் பருவம் அது. கிடங்கில் சரக்கு இருந்தும் கடைகளுக்கு அனுப்ப முடியாமல் சுமார் 10 கோடி டாலர் மதிப்பிலான ஆர்டர்கள் தேங்கின.

ஜெர்மன் பல்பொருள் அங்காடியான லிடில் 2011-ல் தொடங்கிய எஸ்ஏபி திட்டத்தை 2018-ல் கைவிட்டது. அதற்குள் சுமார் 50 கோடி யூரோ செலவாகிவிட்டதாகச் செய்திகள் வெளியாயின. லிடில் தன் இருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிட்டது. மென்பொருளோ சில்லறை விலையை அடிப்படையாகக் கொண்டிருந்தது. தன் வழக்கத்தை மாற்ற மறுத்து மென்பொருளை வளைத்ததே சிக்கலின் மையம் என்று கூறப்பட்டது.

இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி 2022 ஏப்ரலில் எஸ்ஏபியிலிருந்து ஆரக்கிளுக்கு மாறியது. சுமார் 1.9 கோடி பவுண்டு என்று மதிப்பிட்ட செலவு 10 கோடியை எட்டியது. 2023 செப்டம்பரில் மாநகராட்சி நிதி நெருக்கடியை முறைப்படி அறிவித்தது. பெண் ஊழியர்களுக்குத் தர வேண்டிய சம ஊதிய நிலுவை அதற்கு முதன்மைக் காரணம் என்றாலும், ஆரக்கிள் திட்டத்தின் சுமையும் அதில் சேர்ந்தது.

மூன்று நிகழ்விலும் தேர்ந்தெடுத்த மென்பொருள் சந்தையில் மதிப்புள்ளதே. காலக்கெடுவும், தன் வழக்கத்துக்கும் மென்பொருளுக்கும் உள்ள இடைவெளியை முன்கூட்டியே அளக்காததும்தான் விலையைக் கூட்டின.

இந்தியாவில்

1986-ல் பெங்களூரில் தொடங்கிய டாலி சிறு வணிகர்களின் கணக்கு மென்பொருளாக நாடெங்கும் பரவியது. சென்னையின் ராம்கோ சிஸ்டம்ஸ் 1990களில் மார்ஷல் என்ற ஈஆர்பியை வெளியிட்டது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, சென்னையிலும் தென்காசியிலும் வளர்ந்த ஸோஹோ, கணக்கு, இருப்பு, சம்பளச் செயலிகளைத் தனித்தனியே விற்றுவந்தபின் 2025-ல் முழு ஈஆர்பியை அறிமுகப்படுத்தியது.

அரசுத் துறைகளின் டெண்டர்களில் தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை கேட்டவருக்குத் தரும் எல்1 முறையும், தரத்துக்கும் விலைக்கும் தனித்தனி மதிப்பெண் இட்டுக் கூட்டும் முறையும் வழக்கில் உள்ளன.

இந்தியத் தேர்வில் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது எல்லா வழங்குநர்களும் வரிக் கணக்கை மாற்றி எழுத வேண்டியிருந்தது. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கிய மின் விலைப்பட்டியல், 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள்வரை இறங்கியது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிய வேண்டும். அந்தப் பதிவை யாரும் நிறுத்தி வைக்க முடியாததாகவும் அது இருக்க வேண்டும். இந்த வசதி இல்லாத மென்பொருள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இந்தியக் கம்பெனி ஒன்றின் கணக்கேட்டுக்கு உதவாது.